லேபிளை மறைத்து ஒரு விருந்து: முதிர்ந்த பிரெஞ்சு ஒயினைச் சுவைக்க ஒரு வழிகாட்டி

பிரான்ஸின் போர்தோ பகுதியில் செய்த, இருபது வயதான ஒயின் பாட்டில் ஒன்றை லேபிள் தெரிய மேசையில் வைத்துப் பாருங்கள். பேச்சு உடனே பெயருக்குப் போய்விடும். எந்த ஷத்தோ, அதாவது எந்த ஒயின் பண்ணை, எந்த வருடம், என்ன விலை என்று ஆரம்பித்து, யாரோ ஒருவர் போன் எடுத்து அந்த ஒயினுக்கு எத்தனை மதிப்பெண் என்று தேடுவதில் முடியும். அதே பாட்டிலைக் காகிதப் பைக்குள் வைத்து ஊற்றினால், மேசையைச் சுற்றி இருக்கும் அத்தனை பேரும் மூக்கைக் கிளாஸுக்குள் விட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் வாய் திறக்கமாட்டார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

பாரிஸில் நண்பர்களோடு பல வருடமாக இப்படி உட்கார்ந்து வருகிறேன். முதல்முறை செய்யப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்று, நாங்கள் செய்யும் முறையை வரிசையாக எழுதுகிறேன்.

எத்தனை பேர், எத்தனை பாட்டில்

உங்களோடு சேர்த்து ஏழு பேர் போதும். ஒரு பாட்டிலில் 750 மி.லி. இருக்கும். பழைய ஒயினில் அடியில் வண்டல் தங்கியிருப்பதால் கடைசி 50 மி.லி. ஊற்றக் கூடாது. மீதி 700 மி.லி., ஆளுக்கு 100. அதையும் ஒரே தடவையில் ஊற்றாமல் முதலில் பாதி, முக்கால் மணி நேரம் கழித்து மீதிப் பாதி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஐந்து ஒயினுக்கு மேல் வேண்டாம். ஐந்து என்றாலே ஆளுக்கு ஏறக்குறைய அரை லிட்டர், அதாவது 50 கிராம் ஆல்கஹால். பிரான்ஸில் பத்து கிராமை ஓர் அளவு என்று கணக்கிடுவார்கள். அப்படியானால் இது ஐந்து அளவு. வண்டி ஓட்டுபவருக்கு இங்கே வரம்பு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம். ஆகவே யாரும் வண்டியில் வரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துப்புவதற்கு ஆளுக்கு ஒரு கோப்பை, குடிக்க நிறையத் தண்ணீர் வையுங்கள். நண்பர்கள் முன் துப்புவதற்கு முதலில் கூச்சமாக இருக்கும். விருந்து கொடுப்பவர் முதலில் துப்பிக் காட்டினால் எல்லோருக்கும் கூச்சம் போய்விடும்.

இவை தவிர ஒரு பாட்டில் கூடுதலாக எடுத்து வையுங்கள். பழைய ஒயினில் ஐந்தில் ஒன்று கெட்டிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எதை வாங்குவது

புதியவர்கள் செய்யும் தவறு, உலகத்தில் இருக்கும் எல்லா ஒயினிலிருந்தும் கலந்து வைப்பது. அப்படி வைத்தால் ஊகிப்பதற்கு ஒரு பிடியும் கிடைக்காது. ஒயின்களை ஜோடி ஜோடியாக வையுங்கள். இரண்டு கிளாஸ் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இது வரைக்கும் ஒயினே குடிக்காதவருக்கும் வித்தியாசம் தெரியும். ஒரே கிளாஸை வைத்துக்கொண்டு 'இதில் துவர்ப்பு அதிகமா குறைவா' என்று கேட்டால் அனுபவஸ்தரே தடுமாறுவார்.

நான் சிபாரிசு செய்யும் வரிசை இது. முதல் ஜோடி, பர்கண்டிப் பகுதியிலிருந்து ஒரு வோல்னே, லுவார் பகுதியிலிருந்து ஒரு ஷினோன். முன்னது பினோ நுவார் திராட்சை, பின்னது கேபர்னே ஃப்ரான். இரண்டும் கனம் குறைந்தவை, ஆனால் குணம் வேறு. இரண்டாவது ஜோடி போர்தோவின் இரண்டு ஆற்றங்கரைகள். இடது கரை மெதோக்கில் சரளைக்கல் மண், அங்கே கேபர்னே சோவிஞோன் ஆட்சி. வலது கரை சேன்த் எமிலியோனில் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும், அங்கே மெர்லோ. இரண்டையும் ஒரே வருடத்தில் வாங்குங்கள். 1998 கிடைத்தால் பாடம் இன்னும் தெளிவாக இருக்கும்: அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது, சீக்கிரம் பழுக்கும் மெர்லோ அதற்குள் பறிக்கப்பட்டுவிட்டது, கேபர்னே நனைந்தது. 1996 இதற்கு நேர் எதிர், மெதோக்கின் வருடம். ஐந்தாவதாக ஜுரா மலைப்பகுதியின் வேன் ஜோன் ஒன்று, அதைப் பற்றிக் கடைசியில்.

முதிர்ந்த ஒயின் என்றதும் லஃபித், மார்கோ என்று பெரிய பெயர்களுக்குப் போக வேண்டாம். மூலி கிராமத்தின் ஷாஸ் ஸ்ப்ளீன், பூஜோ, வடக்கு மெதோக்கின் பொதான்சாக் போன்றவை இருபது வருடத்தை அழகாகத் தாண்டும். ஷினோனில் ஓல்கா ரஃபோ பண்ணை தன் நிலவறையில் வைத்திருந்த பழைய வருடங்களை விற்பனைக்கு விடுவது வழக்கம். தயாரித்த இடத்தை விட்டு நகராத பாட்டில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஏலத்தில் வாங்கினால் ஒயின் மட்டத்தைப் பாருங்கள். போர்தோ பாட்டிலுக்குத் தோள் உண்டு. இருபது வயதுக்கு மட்டம் கழுத்தின் அடியில் இருக்க வேண்டும். முப்பதைத் தாண்டியது என்றால் தோளின் உச்சி வரை இறங்கியிருந்தாலும் பரவாயில்லை. நடுத்தோளுக்குக் கீழே போயிருந்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். பர்கண்டி பாட்டிலுக்குத் தோள் கிடையாது, சரிந்து இறங்கும். அங்கே தக்கைக்கும் ஒயினுக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று அளப்பார்கள். மூன்று வரை எனக்குச் சம்மதம்.

இரண்டு நாள் முன்னால்

பாட்டில்களைப் படுத்த நிலையிலிருந்து எடுத்து நிமிர்த்தி வையுங்கள். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48. வண்டல் மெதுவாக அடிக்கு இறங்கும். விருந்தாளி ஒருவர் பழைய பாட்டிலை அன்றைக்கு மெட்ரோவில் குலுக்கிக் கொண்டுவந்தால் அந்த ஒயின் கலங்கிப்போய், வாயில் மண் கடித்தது போல இருக்கும். ஆகவே 'கொண்டுவருவதாக இருந்தால் புதன்கிழமையே கொடுத்துவிடுங்கள், சனிக்கிழமை குடிப்போம்' என்று சொல்லிவிடுகிறேன்.

வீட்டு வாசனையையும் இதோடு சேர்த்துக் கவனியுங்கள். முந்தின நாள் மீன் குழம்போ தாளிப்போ வேண்டாம், ஊதுபத்தி வேண்டாம், மேசையில் மணக்கும் மெழுகுவர்த்தியும் பூவும் வேண்டாம். விருந்தாளிகளிடம் சென்ட் போடாமல் வரச் சொல்லுங்கள். கிளாஸ்களை அலமாரியிலிருந்து எடுத்ததும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பாதிக் கிளாஸ்களில் அட்டைப்பெட்டி வாசனையோ சோப்பு வாசனையோ இருக்கும். வெறும் வெந்நீரில் கழுவித் துடையுங்கள். ஆளுக்கு இரண்டு கிளாஸ் போதும், ஜோடி முடிந்ததும் அலசிக்கொள்ளலாம்.

தக்கையைத் திறப்பது

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, பொறுமை வேண்டிய வேலையும்கூட.

பழைய தக்கை உலர்ந்து பொடியும் நிலையில் இருக்கும். சாதாரண திருகாணியைச் செருகினால் நடுவில் ஓட்டை விழுந்து மீதி பாட்டிலுக்குள் போய்விடும். இதற்கென்றே இரண்டு தட்டையான நாக்கு வைத்த கருவி ஒன்று இருக்கிறது, இங்கே பிலாம் என்பார்கள். ஒரு நாக்கு கொஞ்சம் நீளம். நீளமானதை முதலில் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைத்து, பிறகு அடுத்ததை எதிர்ப்பக்கம் நுழைத்து, இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இறக்க வேண்டும். பிடி தக்கையைத் தொட்டதும் திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் வராது. அவசரப்பட்டு அழுத்தினால் தக்கை உள்ளே விழும்.

ஒருமுறை 1989 மெதோக் ஒன்றின் தக்கை பாதியில் முறிந்தது. மேல்பாதி கையில், கீழ்ப்பாதி கழுத்தில், ஈரமாக, கறுத்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு. நாக்குகளைத் திரும்ப நுழைக்கப் பத்து நிமிடம் ஆனது. கடைசியில் அது பிடுங்காமலே வழுக்கிக்கொண்டு வந்தது, கூடவே சுருட்டுப்பெட்டி திறந்த மாதிரி ஒரு வாசனை சமையலறை முழுக்க. உள்ளே விழுந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, மெல்லிய துணியில் வடிகட்டியிருப்பேன்.

வண்டலைப் பிரிக்க, பாட்டிலின் கழுத்துக்குக் கீழே போன் டார்ச்சை எரியவிட்டு, ஒரே மூச்சில் மெதுவாகக் கராஃப் என்ற கண்ணாடிக் குடுவைக்குள் ஊற்றுங்கள். நடுவில் நிமிர்த்தக் கூடாது. கழுத்தில் புகை மாதிரி ஒரு கோடு வரும், அதுதான் வண்டல். அங்கே நிறுத்திவிடுங்கள். பாட்டிலைத் தண்ணீர் விட்டு அலசி, நன்றாக வடியவிட்டு, ஒயினை அதற்குள்ளேயே திரும்ப ஊற்றுங்கள்.

போர்தோவுக்கு இதை உட்காருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் செய்யலாம். பர்கண்டியை நான் கராஃபில் ஊற்றுவதே இல்லை. இருபது வயது பினோ நுவாருக்குக் காற்று அதிகம் பட்டால் மேசைக்கு வருவதற்குள் வாசனை கரைந்துவிடும். அதைப் பாட்டிலிலிருந்தே, கை ஆடாமல், நேராகக் கிளாஸுக்கு ஊற்றுங்கள்.

சூடும் முக்கியம். 16, 17 டிகிரியில் ஊற்றுங்கள். கணப்பு ஓடும் அறையில் 22 டிகிரியில் வைத்த சிவப்பு ஒயினில் ஆல்கஹால் வாடைதான் முன்னால் நிற்கும். இருபது நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும்.

மறைப்பது

பிரெஞ்சுக்காரர்கள் பாட்டிலுக்கு மாட்டும் துணி உறையை ஷோசெட், அதாவது காலுறை என்பார்கள். அது இல்லையென்றால் அலுமினியத் தாள் நன்றாக வேலை செய்யும். லேபிளை மட்டும் மறைத்தால் போதாது. தோள் தெரிந்தால் போர்தோ, சரிவு தெரிந்தால் பர்கண்டி. கழுத்து உறையை முழுக்க உரித்துவிடுங்கள், அதில் முத்திரை இருக்கும். தக்கையில் ஷத்தோ பெயரும் வருடமும் அச்சடித்திருக்கும், அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேன் ஜோன் வருவதே க்ளாவ்லேன் என்ற குட்டையான 620 மி.லி. பாட்டிலில், எத்தனை தாள் சுற்றினாலும் தெரிந்துவிடும். அதை வேறு பாட்டிலுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

சாப்பாடு

எளிமையாக வையுங்கள். முதல் ஜோடிக்குக் காளான் போட்ட வறுத்த கோழி. இரண்டாவது ஜோடிக்கு ஆட்டுக்கால், உப்பும் பூண்டும் மட்டும் போட்டு அடுப்பில் வாட்டியது. மெதோக்கின் போயாக் கிராமத்து இளம் ஆட்டுக்கறி பேர்போனது. வினிகர் ஊற்றிய சாலட், கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), மிளகாய் எதுவும் அந்த இரவுக்கு வேண்டாம். நம் சமையலை விட்டுக்கொடுக்க எனக்கும் மனசு வராது, ஆனால் இருபது வருடம் அமைதியாக உறங்கிய ஒயின் வரமிளகாய்க்கு முன்னால் நிற்காது. மணம் அடிக்கும் மென்மையான சீஸும் அப்படித்தான், சிவப்பு ஒயினை அடித்துவிடும்.

மேசையில்: முதலில் எழுதுங்கள், அப்புறம் பேசுங்கள்

ஒரே ஒரு விதியை மட்டும் கறாராக வையுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். ஊற்றியதும் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில். யாராவது 'ஆகா, செர்ரி' என்று சொல்லிவிட்டால் மீதி ஆறு பேருக்கும் செர்ரிதான் மணக்கும். மூக்கை எது வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகும். 2001இல் வெளியான போர்தோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அதை அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களிலேயே வர்ணித்தார்கள். படித்தவர்களுக்கே அப்படி என்றால், பக்கத்தில் இருப்பவர் சொன்னதைக் கேட்டுவிட்டு முகர்கிற நமக்கு என்ன ஆகும்?

முதலில் கண். வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்து ஒயினின் விளிம்பைப் பாருங்கள். வயது குறைந்த சிவப்பு ஒயினில் விளிம்பு ஊதா. வயது ஏற ஏற அது மாணிக்கச் சிவப்பாகி, பிறகு வீட்டுக் கூரை ஓட்டின் நிறத்துக்கு வரும். பிரெஞ்சிலும் அதை த்யுயிலே, ஓட்டு நிறம் என்றே சொல்கிறார்கள். நிறம் வெளிறியிருப்பதால் மட்டும் வயதானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பினோ நுவார் பிறவியிலேயே வெளிர். விளிம்பைத்தான் நம்ப வேண்டும். அதிலும் 2003 வந்தால் ஏமாறுவீர்கள்: பிரான்ஸையே வாட்டிய வெயில் வருடம் அது, பல ஒயின்கள் உலர்ந்த பழ வாசனையோடு தங்கள் வயதைவிட மூத்தவையாகத் தெரியும்.

அடுத்து மூக்கு. கிளாஸைச் சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள். பழைய ஒயினில் மிக மெல்லிய வாசனைகள் இந்த முதல் மூச்சில்தான் கிடைக்கும். பிறகு லேசாகச் சுழற்றலாம். பழ வாசனை பின்னால் போய் ஈர இலை, காளான், தோல், புகையிலை, பழைய மரப்பெட்டி முன்னால் வந்திருந்தால் ஒயின் முதிர்ந்துவிட்டது. மழைக்குப் பிந்தைய காட்டுத் தரையின் இந்த மணத்தை இங்கே சூ புவா என்பார்கள்.

உங்களுக்குத் தெரிந்த வாசனையின் பெயரையே எழுதுங்கள். ஒயின் புத்தகங்களில் கசீஸ் என்று ஒரு பழம் பக்கத்துக்குப் பக்கம் வரும். அதைச் சாப்பிட்டதே இல்லாதவர் எழுதி என்ன பயன்? அத்திப்பழம், பாக்கு, பாட்டி வீட்டுப் பீரோ, செருப்புக் கடை, எதுவாக இருந்தாலும் சரி.

வாய்க்கு வந்தால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. துவர்ப்பு என்ற சொல்லையும் அனுபவத்தையும் சிறு வயதிலிருந்தே நாம் அறிவோம். வாழைக்காய்த் தோலையும் பாக்கையும் கடித்த நாக்குக்கு டானின் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. துவர்ப்பு எங்கே பிடிக்கிறது என்று கவனியுங்கள். ஈறு முழுக்க உலர்ந்து இறுக்கினால் இடது கரையின் கேபர்னே சோவிஞோன் என்று ஊகிக்கலாம். உருண்டையாக, நாக்கின் நடுவில் தங்கினால் மெர்லோ. துவர்ப்பே மெல்லிசாகி, புளிப்புதான் ஒயினைத் தாங்குகிறது என்றால் பினோ நுவார் பக்கம் போங்கள். கூடவே பச்சைக் குடைமிளகாயும் பென்சில் சீவலும் போல ஒரு வாசனை இருந்தால் ஷினோன். விழுங்கியோ துப்பியோ ஆனபின் சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். அந்த ஒரு விநாடிக்குப் பிரெஞ்சில் கோதாலி என்று தனிப் பெயரே இருக்கிறது.

ஊகிக்கும் ஆட்டம்

'இது என்ன ஒயின்?' என்று நேராகக் கேட்டால் புதியவர்கள் முடங்கிவிடுவார்கள். ஆஸ்திரேலிய ஒயின் நிபுணர் லென் எவன்ஸ் உருவாக்கிய முறை இதற்கு நல்லது. விருந்து கொடுப்பவர் இரண்டு மூன்று விடைகளைக் கொடுத்துக் கேட்பார். 'போர்தோவா, ரோன் பள்ளத்தாக்கா?' கை தூக்கச் சொல்லி விடையை உடனே சொல்லிவிட வேண்டும். 'போர்தோதான். இடது கரையா, வலது கரையா?' அப்புறம், '1996ஆ, 1998ஆ, 2003ஆ?' தப்பாகச் சொன்னவரும் அடுத்த கேள்விக்குச் சரியான இடத்திலிருந்து தொடங்குவதால் கடைசி வரை யாரும் ஒதுங்கிப்போக மாட்டார்கள். போட்டிக்காரர்கள் தவறியவரை வெளியேற்றிவிடுவார்கள், நண்பர்கள் கூட்டத்தில் அது வேண்டாம். தாளில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் போதும்.

உறையை ஜோடி ஜோடியாக உடனுக்குடன் பிரியுங்கள். எல்லாவற்றையும் கடைசியில் பிரித்தால், முதல் கிளாஸ் என்ன சொன்னது என்பதே யாருக்கும் நினைவிருக்காது. பெயர் தெரிந்தபின் அந்த மீதிப் பாதியை ஊற்றுங்கள். இப்போது சாப்பாட்டோடு, தெரிந்த ஒயினாக.

கெட்டுவிட்டதா?

அந்த மீதிப் பாதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு வலது கரை ஒயினை ஊற்றியதும் தேங்கிய தண்ணீர் வாடை. ஒரு நண்பர் 'செத்துவிட்டது' என்று எழுதிக் கிளாஸைத் தள்ளி வைத்தார். ஆட்டுக்கறி தட்டில் விழுந்து, பேச்சு வேறு பக்கம் போய், இருபது நிமிடம் கழித்து அவரே தற்செயலாக அந்தக் கிளாஸை எடுத்தார். பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். மறுபடி முகர்ந்தார். ரோஜா, உலர்ந்த அத்தி, கொஞ்சம் புகையிலை. தாளில் எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எதுவும் எழுதாமல் குடித்துக்கொண்டே இருந்தார்.

நீண்ட நாள் அடைபட்ட வாடை காற்றுப் பட்டால் போய்விடும். தக்கை நோய் போகாது. நனைந்த அட்டைப்பெட்டி போலவும் பூசணம் பிடித்த அறை போலவும் இருக்கும் அந்த வாடைக்குக் காரணம் ட்ரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம். அது பிடித்த ஒயினைப் பூஷோனே என்பார்கள். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள்: குறைந்தால் காத்திருக்கலாம், கூடினால் கூடுதல் பாட்டிலைத் திறக்கலாம். கெட்டதைக் கொட்டிவிடாமல் எல்லோருக்கும் முகரக் கொடுங்கள். அந்த வாடையை ஒருமுறை தெரிந்துகொண்டால் மறக்காது. நண்பர் கொண்டுவந்த பாட்டிலாக இருந்தால் அவர் முகம் வாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தவறு தக்கையுடையது.

கடைசிக் கிளாஸ்

வேன் ஜோன் சவாஞேன் என்ற திராட்சையில் செய்வது. பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையும்போது நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். மேலே ஈஸ்ட் ஆடை போலப் படர்ந்து மூடிக்கொள்ளும். அப்படியே ஆறு வருடத்துக்கு மேல் இருக்கும். ஜில்லென்று கொடுக்காமல் 14, 15 டிகிரியில், 18 மாதமாவது முதிர்ந்த கோந்தே சீஸோடு கொடுங்கள். முன்னெச்சரிக்கை எதுவும் வேண்டாம். முதல்முறை குடிப்பவர்களில் பாதிப் பேர் இதையும் கெட்டுவிட்டது என்று எழுதுவார்கள், ஏனென்றால் நிறம் பொன், வாசனை வழக்கமான வெள்ளை ஒயின்களில் இல்லாதது.

இதை எனக்கு முதன்முதலில் ஊற்றிய இரவில் மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் அக்ரோட் பருப்பு என்று எழுதியிருந்தார்கள். நான் தமிழில் 'வெந்தயம்' என்று எழுதிவிட்டு, பிரெஞ்சில் அதற்கு என்ன சொல் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சமையலறைக்குப் போய் டப்பாவை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். ஒவ்வொருவராக டப்பாவை முகர்ந்தார்கள், கிளாஸை முகர்ந்தார்கள், மறுபடி டப்பாவை. சொதொலோன் என்ற ஒரே மணப்பொருள்தான் வெந்தயத்திலும் வேன் ஜோனிலும் இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த டப்பா இரவு முழுக்க கோந்தே தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.